குளம், மலை, அரண்மனை: நமக்கென்று ஒரு நாள்



வீட்டில் ஆண்கள் மாலை போட்டுச் சபரிமலை போகிறார்கள். பழனிக்கு நடக்கிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப் போகிறார்கள். வீட்டுப் பெண்ணுக்கு என்ன பயணம்? பிரசவத்துக்குத் தாய் வீடு, நல்லது கெட்டதுக்குச் சொந்தக்காரர் வீடு, அதை விட்டால் ஆஸ்பத்திரி. அங்கே போனாலும் பாதி நேரம் அடுப்படியில்தான்.

சென்ற இதழில் மழைக்காலச் சளிக்குக் கைவைத்தியம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார்: "சளிக்கு மருந்து சொன்னீர்கள். சலிப்புக்கு என்ன மருந்து?" நியாயமான கேள்வி அல்லவா? அதற்குப் பதில்தான் இந்த முறை. எங்கள் செட்டியார்பட்டியிலிருந்து ஒன்பது பெண்கள் சேர்ந்து போய் வந்த ஒரு நாள் பயணத்தைச் சொல்கிறேன். உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

யோசனை வந்த வழி

எங்கள் தெருப் பெண் ஒருத்தி கல்யாணமாகி ஸ்காட்லாந்தில் இருக்கிறாள். அந்த நாட்டில் ஏரியை 'லாக்' என்று சொல்வார்களாம். காலையில் எடின்பரோ நகரத்தில் ஒரு சின்ன வேனில் ஏறினால், மலை, ஏரி, பழைய கோட்டை எல்லாம் காட்டி இரவு கொண்டுவந்து விடுகிறார்களாம். வண்டியில் பதினைந்து, பதினாறு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. ஓட்டுகிறவரே வழி நெடுக ஊர்க் கதை சொல்லிக்கொண்டு வருவார். லாக் நெஸ் என்று ஓர் ஏரி, 37 கிலோமீட்டர் நீளம். அதன் கரையில் அர்க்கார்ட் என்று இடிந்துபோன ஒரு கோட்டை. இதைப் பார்க்க எந்தெந்த நாட்டிலிருந்தோ ஜனங்கள் வருகிறார்களாம்.

போனில் அவள் சொன்னதைக் கேட்டு என் மதினி சிரித்தாள். "இதென்ன அதிசயம்? நம்ம ஊருலயும்தான் மலை இருக்கு, குளம் இருக்கு, திருமலை நாயக்கர் அரண்மனை இருக்கு. நாமதான் போனதில்ல."

உண்மைதான். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு வயது அறுபத்தைந்து. அவர் சொன்னதுதான் எங்களை எழுப்பி உட்கார வைத்தது. "ஏத்தா, வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து இந்த மலையப் பாத்துக்கிட்டேதான் வாசல் தெளிக்கேன். ஒருநாளும் கிட்டப் போயி நின்னதில்ல."

பணமும் பர்மிஷனும்

எங்கள் பக்கம் தளவாய்புரம் நைட்டித் தொழில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் குழுவில் நாலு பேர் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறவர்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நாள் மிஷின் நின்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. அதனால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்தோம். ஆளுக்கு வாரம் 50 ரூபாய், 12 வாரம் சேர்த்தோம். ஒன்பது பேருக்கு 5400 ரூபாய் ஆயிற்று. வேனுக்கு 4200, வழிகாட்டிக்கு 600, மீதி 600 காபிக்கும் கட்டணக் கழிப்பறைக்கும் கைக்காவலுக்கும். சாப்பாடு வீட்டிலிருந்தே. யாரிடமும் கை நீட்டவில்லை.

பணத்தைவிடப் பர்மிஷன்தான் கஷ்டம். கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கு அவள் மாமியார் ஒத்துக்கொள்ளவே இல்லை. "பச்சப்புள்ளயத் தூக்கிட்டு மலைக்கா?" என்றார். அவர் பயத்திலும் அர்த்தம் இருக்கிறது. வாதாடாமல், "நீங்களும் வாங்க அத்தை" என்று அவரையும் சேர்த்துக்கொண்டோம். போகும் நேரம், வரும் நேரம், வேன்காரர் போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி ஒவ்வொரு வீட்டிலும் காலண்டர் ஆணியில் மாட்டினோம். அதற்குப் பிறகு மறுபேச்சு இல்லை.

வழிகாட்டி எதற்கு?

"இங்க இருக்கிற மலைக்கு வழிகாட்டி எதுக்கு?" என்று கேட்காதவர் இல்லை. ஆனால் இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். காடும் ஆறும் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும். காட்டில் காவல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கிடைத்தார். வாட்சர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். "கூலியெல்லாம் வேண்டாம்மா" என்றார். வற்புறுத்திப் பேசிக் கொடுத்தோம். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "நான் கிளம்பச் சொன்னா கிளம்பிரணும். ஏன், எதுக்குன்னு அப்புறமாக் கேக்கலாம்."

ஒன்பது பெண்கள், மூன்று பிள்ளைகள், அண்ணாச்சி. மொத்தம் பதின்மூன்று பேர். இந்த எண்ணிக்கை முக்கியம். ஐம்பது பேர் பஸ்ஸில் போனால் தலையை எண்ணவே நேரம் போய்விடும். பதின்மூன்று பேரென்றால் ஒருத்தி முகம் வாடினாலும் மற்றவருக்குத் தெரியும்.

காலை: மலையும் ஆறும்

கார்த்திகை மாதத்து ஞாயிறு. காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ராஜபாளையம் தாண்டி மேற்கே திரும்பினால் மாந்தோப்பும் தென்னந்தோப்புமாக வரும். வழியில் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். ராஜபாளையம் நகரத்துக்கு இதிலிருந்தும் குடிநீர் போகிறது. அதற்கு மேலே நீர்காத்த அய்யனார் கோயில். சாமி பேரைப் பாருங்கள்! தண்ணீரைக் காப்பாற்றுவதே சாமியின் வேலை என்று வைத்திருக்கிறார்கள்.

அங்கே போவதற்கு முன் வனத்துறை சோதனைச் சாவடி. இந்தக் காடு 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-ல் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. நம் மாநிலத்தில் அது ஐந்தாவது புலிகள் காப்பகம். அதனால் நினைத்தபோது நினைத்த இடத்தில் நுழைய முடியாது. மழை நாளில் வழியை அடைத்துவிடுவதும் உண்டு. முதல் நாளே விசாரித்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் பை, பாட்டில் எதுவும் கொண்டுபோகாதீர்கள். நாங்கள் எவர்சில்வர் தூக்கிலும் செம்பிலும்தான் எல்லாம் எடுத்துப் போனோம்.

நடக்கும்போது அண்ணாச்சி ஒரு மரத்து உச்சியைக் காட்டினார். குச்சியும் இலையுமாக ஒரு பெரிய பந்து. சாம்பல் அணிலின் கூடு. வாலையும் சேர்த்தால் இரண்டடிக்கு மேல் இருக்குமாம் அந்த அணில். நம் வீட்டு முற்றத்து அணில் மாதிரி தரையில் ஓடித் திரியாது. மரத்துக்கு மரம் தாவியே போகும். அதனால் பக்கத்து மரக் கிளைகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடமாகப் பார்த்துத்தான் கூடு கட்டும். "நடுவுல ரெண்டு மரத்த வெட்டிட்டா அதுக்கு ரோடு போச்சும்மா" என்றார். அணில் அன்று கண்ணில் படவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் பிள்ளைகளுக்குக் காடு புரிந்துவிட்டது.

கோயிலுக்கு ஆற்றைக் கடந்துதான் போக வேண்டும். முழங்காலுக்குக் கீழே தெளிந்த தண்ணீர், கூழாங்கல் எண்ணலாம். பெரியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடு ஆற்றில் நின்று மலையை அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் அவரைக் கூப்பிடவில்லை.

சாமி கும்பிட்டு வந்து பிள்ளைகள் தண்ணீரில் இறங்கி இருபது நிமிஷம்கூட ஆகியிருக்காது. அண்ணாச்சி மேலே மலை முகட்டைப் பார்த்தார். "எல்லாரும் அந்தக் கரைக்குப் போங்க. இப்பவே" என்றார். எங்கள் தலைக்கு மேலே வெயில். பிள்ளைகள் சிணுங்கின. எனக்கும் மனசில்லைதான். ஆனாலும் பேச்சுப் பேச்சாக இருக்க வேண்டுமே, ஒருவர் பின் ஒருவராகக் கடந்து வந்தோம்.

கரையில் இலையைப் போட்டு இட்லி எடுத்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அரைமணி நேரம் இருக்கும். ஆற்றின் சத்தம் மாறியது. தெளிந்த தண்ணீர் டீ நிறமாகி, அப்புறம் செம்மண் நிறமாகி, சருகும் குச்சியுமாக வந்தது. பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடின பாறை கண் முன்னாலேயே மறைந்துபோயிற்று. கைக்குழந்தைக்காரியின் மாமியார் பேரனை இறுக்கி அணைத்துக்கொண்டார். யாருக்கும் இட்லி இறங்கவில்லை.

சகோதரிகளே, இதைப் பயமுறுத்த எழுதவில்லை. மலை ஆறு அப்படித்தான். நாம் நிற்கும் இடத்தில் மழை வேண்டியதில்லை, மேலே முகட்டில் பெய்தால் போதும். 2015 மே மாதம், கோடைக் காலம்தான், இதே மலைத் தொடரில் உள்ள சதுரகிரியில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பெண்கள் பலர். மலையின் குறி தெரிந்தவர் துணை அதற்குத்தான். அண்ணாச்சி சொன்ன குறிகள் நாலு: மலை முகட்டில் கறுப்பு மேகம், தண்ணீர் கலங்குவது, சருகு குச்சி மிதந்து வருவது, ஆற்றின் சத்தம் கூடுவது. நாலில் ஒன்று தெரிந்தாலும் கரையேறிவிட வேண்டும். கோயில் பக்கம் தங்கிவிட்டால் தண்ணீர் வடியும் வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான். அவசரப்பட்டு ஆற்றில் இறங்கக் கூடாது.

மதியம்: அரண்மனையும் குளமும்

அங்கிருந்து ராஜபாளையம் திரும்பி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தோம். நடை சாத்துவதற்குள் ஆண்டாள் தரிசனம். பதினொரு நிலைக் கோபுரத்தைத் தெரியாத தமிழர் யார்? ஆனால் கோயிலுக்குப் பல தடவை வந்த எங்களில் ஒருத்திகூட, அதே ஊரில் இருக்கும் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்ததில்லை!

மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்டவர் திருமலை நாயக்கர். ஆண்டாளிடம் அவருக்கு அவ்வளவு பக்தி. இங்கே உச்சிகால பூஜை முடிந்த மணி ஓசை, வழியில் வரிசையாகக் கட்டிய மண்டபங்களில் ஒன்றுவிட்டு ஒன்று மணி அடித்து மதுரைக்குப் போய்ச் சேருமாம். அதைக் கேட்ட பிறகுதான் சாப்பிட உட்காருவார் என்று சொல்வார்கள். மதுரை மகால் அளவுக்கு இது பெரிதில்லை. ஆனால் அதே பருத்த தூண், அதே வளைவு, அதே குளுமை. பல காலம் கோர்ட் நடந்த கட்டடம். இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

நைட்டி தைக்கிற தங்கச்சி ஒருத்தி, தூணுக்கு மேலே சுதையில் செய்த பூவேலையை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா, இந்தக் கொடிய எம்ப்ராய்டரியில போடலாமா?" என்று கேட்டுவிட்டு, கைப்பையிலிருந்த பில்லின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டாள். ராஜா வீட்டுக் கூரையிலிருந்து நம் வீட்டு மிஷினுக்கு ஒரு கொடி இறங்கி வந்தது! ஒரு நாள் வருமானம் போச்சே என்று கவலைப்பட்டவளும் அவள்தான்.

திருமுக்குளக் கரையில் புளியோதரை, தயிர் சாதம், மாங்காய்த் தொக்கு. பால்கோவா வாங்காமல் யாராவது ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு வருவார்களா? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டமாயிற்றே. சர்க்கரை உள்ளவர்கள் வாசம் பார்த்ததோடு சரி.

மாலை: அணைக்கட்டு

வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடிவாரத்தில் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். இந்தப் பெரியாறு வேறு, முல்லைப் பெரியாறு வேறு. பெரியாறு அணையில் சுமார் 47 அடிக்குத் தண்ணீர் நிற்கும். அனுமதி கேட்டுக் கரையில் ஏறினோம். மூன்று பக்கமும் மலை, நடுவில் தண்ணீர், தண்ணீருக்குள் தலைகீழாக அதே மலை.

அங்கே உட்கார்ந்து அண்ணாச்சி தண்ணீரின் பயணத்தைச் சொன்னார். முகட்டில் விழுகிற மழையைக் காடு பஞ்சு மாதிரி குடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஓடையில் விடுகிறது. ஓடை அணைக்கு வருகிறது, அணையிலிருந்து கண்மாய்க்கு. ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு. மிச்சம் வைப்பாற்றில் சேர்ந்து, தூத்துக்குடி மாவட்டத்துக் கடலுக்குப் போகிறது. "காட்ட வெட்டினாலும் கண்மாய்க்குள்ள வீடு கட்டினாலும் இந்தச் சங்கிலியில ஒரு கண்ணி அறுந்துபோகும்" என்றார். நாம் குடத்தை வைத்துக்கொண்டு குழாயடியில் சண்டை போடுகிறோமே, அந்தத் தண்ணீரின் தாய் வீட்டை அன்றுதான் பார்த்தோம்.

இருட்டுவதற்குள் கிளம்பி எட்டரை மணிக்கு வீடு. மொத்த தூரம் நூற்றைம்பது கிலோமீட்டருக்குள்தான்.

நீங்களும் கிளம்புவதென்றால்

இனி உடம்பு சம்பந்தமான விஷயம். இதைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். வெளியூர் என்றாலே நம்மில் பலர் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும், ஒதுங்க இடம் இருக்காது. தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பு வரும், கிருமித் தொற்று வரும். ஆகவே பயணத் திட்டம் போடும்போது முதலில் கழிப்பறையைக் குறியுங்கள், பிறகு காட்சியைக் குறியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் கட்டாயம். கட்டணக் கழிப்பறைக்குச் சில்லறை தனியாக முடிந்து வையுங்கள். ஒரு பழைய நூல் சேலையும் நைலான் கயிறும் வண்டியில் இருந்தால், அவசரத்துக்கு நாலு பக்கமும் மறைப்புக் கட்டலாம்.

மாதவிலக்கு வந்துவிட்டால் பயணத்தையே விட வேண்டியதில்லை. கோயிலுக்குள் போக மனம் ஒப்பவில்லையா, குளக்கரையில் காற்றாட உட்கார்ந்திருங்கள். உபயோகித்த துணி, நாப்கினைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவாருங்கள். ஆற்றிலும் காட்டிலும் போடாதீர்கள்.

வண்டியில் வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தில் பார்வையை வையுங்கள். காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம், இரண்டு இட்லி போதும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போடக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டு என்றால் உடனே சர்க்கரைத் தண்ணீரோ மிட்டாயோ கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து அடிக்கடி கொடுக்கலாம். அளவு தப்பக் கூடாது. உப்பு கூடினால் கெடுதல். மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பாம்பு கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவதோ கீறுவதோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-க்குப் போன் செய்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கினால் அடுத்து வருகிறவர் கையிலிருந்து பிடுங்கும்.

பெரிய மலைதான் வேண்டும், பெரிய கோட்டைதான் வேண்டும் என்றில்லை. உங்கள் ஊரைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒரு குளம், ஒரு குன்று, ஒரு பழைய கட்டடம் கட்டாயம் இருக்கும். பத்துப் பன்னிரண்டு பேர், இடம் தெரிந்த ஒருவர், வாரம் 50 ரூபாய். இந்த மூன்றும் போதும்.

அடுத்த பயணத்துக்கு எங்கள் உண்டியல் மறுபடி நிறையத் தொடங்கிவிட்டது. இந்த முறை தேவதானம் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில், அதற்கு மேலே சாஸ்தா கோயில் அணை. முதல் 50 ரூபாயைக் கொண்டுவந்து போட்டது யார் தெரியுமா? பச்சைப்பிள்ளையை மலைக்குத் தூக்கிப் போகக் கூடாது என்று சொன்ன அந்த மாமியார்தான்!

உங்கள் ஊரில் எங்கே போகலாம் என்று எழுதுங்கள். எல்லோருக்கும் பயன்படும்.